இடி இடிச்ச அன்னைக்கி என் வீட்டுல சாப்பிட்டவன்

மொதல்லயே சொல்லிர்றேன், பேய் பிசாசு கதையெல்லாம் எனக்கு ஆகாது. எங்க தேயிலைத் தோட்டத்துல கோடாங்கி வந்து உடுக்கை அடிச்சா சனம் பூரா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கும், நான் மட்டும் பின்னால நின்னு சிரிப்பேன், அதுக்காக எங்க அப்பாகிட்ட வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்ல. என் தொழில் கொம்பியூட்டர். அதுல ஒண்ணு வேலை செய்யலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், வயர் கழண்டிருக்கும், நம்பர் பிழையா இருக்கும், பாஸ்வேர்டை மறந்திருப்பாங்க. காரணம் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு இப்பவும்தான் நம்புறேன், இந்த ஒண்ணை மட்டும் ஒரு பக்கமா ஒதுக்கி வச்சுட்டு. நீங்க நம்பப்போறதில்லன்னு உங்க மூஞ்சிலயே எழுதியிருக்கு, பரவாயில்ல, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

வடக்குல சண்டை முடியிறதுக்கு முந்தின வருஷம்னு வைங்க. எனக்குக் கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாள் ஆகல. எனக்குக் கொழும்புல ஒரு கொம்பனியில வேலை, கொட்டாஞ்சேனையில ஒரு ரூம்ல போடிங். பொஞ்சாதி புவனா கஹவத்தையில. தோட்டத்து லயத்து வீடுகளுக்கு போன் லைன் வராதுன்னு டவுன் ஓரத்துல, பஸ் போற ரோட்டுலயே ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தேன், அவ அங்க இருந்து பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிச்சுக்குடுக்கப் போவா. நான் மாசத்துக்கு ஒருக்கா வந்தா பெரிசு. அந்தக் காலத்துல தமிழ் ஆள் ஒருத்தன் கொழும்புக்கும் ஊருக்கும் பஸ்ல போய் வர்றது லேசுப்பட்ட காரியமில்ல, அடையாள அட்டை காட்டணும், பொலிஸ் பதிவு காட்டணும், வழியில ஆமிக்காரன் இறக்கினா இறங்கி லைன்ல நிக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம். நான் பொறாமைக்காரன். அதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல, சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குப் பயம் வரும், எனக்கு வர்றது இது. புவனா அழகு, அதுகூடப் பரவாயில்ல, அவ எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவா. மீன்காரன்கிட்ட சிரிப்பா, பஸ் கண்டக்டர்கிட்ட சிரிப்பா, பக்கத்து வீட்டு நந்தா அக்காகிட்ட வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நின்னு சிங்களத்துல கதைச்சு விழுந்து விழுந்து சிரிப்பா. நான் வீட்டுக்கு வந்தா மட்டும் அந்தச் சிரிப்பு எங்க போகுதுன்னு தெரியாது. பை கீழ வைக்கிறதுக்கு முந்தியே யாரு வந்தா, யாரு போனா, செவ்வாக்கிழமை போன் ஏன் அவ்வளவு நேரம் பிஸின்னு கேக்கிறவன்கிட்ட அவ எப்படிச் சிரிப்பான்னு நீங்க கேப்பீங்க. நியாயம்தான். ஆனா வயிறு எரியும்போது நியாயம் எங்கங்க ஞாபகத்துக்கு வருது. அவளுக்கு நான் கைப்போன்கூட வாங்கிக் குடுக்கல, ஏன்னு உங்களுக்குச் சொல்லணுமா.

அந்த எரிச்சலுக்கு ஒரு பேரும் இருந்துச்சு, சிவா. கஹவத்தை டவுன்ல கொம்யூனிகேஷன் கடை வச்சிருந்தான், வெளிநாட்டுக்கு போன் பேசலாம், போட்டோகொப்பி அடிக்கலாம், கொம்பியூட்டரும் விப்பான். நல்ல உயரம், புது மோட்டர் சைக்கிள், எப்பவும் அயர்ன் பண்ணின சட்டை. எங்க வீட்டுக் கொம்பியூட்டரையே அவன்கிட்டதான் வாங்கினேன், அப்ப எனக்குப் புத்தி வேலை செய்யல. அதுல சின்னதா எதாவது ஒண்ணு ஆனாப் போதும், புவனா போன்ல, "என்னங்க, சிவா அண்ணாவக் கூப்புடவா?"ன்னு கேப்பா. அண்ணான்னுதான் சொன்னா. எனக்கு அந்த அண்ணா மட்டும் காதுல விழாது.

அதனாலதான் வீட்டுக் கொம்பியூட்டர்ல ஒரு வி.பி.என். சேர்வர் போட்டேன். வேற ஒண்ணுமில்ல, கொழும்புல நான் உக்காந்திருக்கிற இடத்துல இருந்து கஹவத்தை வீட்டுக் கொம்பியூட்டர் வரைக்கும் நெட்டுக்குள்ளாலயே ஒரு தனிப் பாதை, பாஸ்வேர்ட் தெரிஞ்சவன் மட்டும் போகலாம், உள்ள போயிட்டா வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரியே. கேட்டவங்களுக்கெல்லாம் ஆபீஸ் வேலைன்னு சொன்னேன். உண்மையான காரணம் மொனிட்டர் மேல ஒட்டியிருந்த சின்னக் கெமரா. அது பார்க்கிறதை நான் கொழும்புல இருந்து பார்க்கலாம். லைன் வேகம் பத்தாது, படம் அசையாது, ஒண்ணு வந்து அப்படியே நிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்தது வரும். எனக்கு அது போதும்.

ஆனா பாருங்க, நான் ஊருக்குப் போயி எல்லாம் போட்டுட்டு வந்து கொழும்புல உக்காந்து திறந்தா, படம் பூரா வெள்ளைத் துணி, அதுல ரெண்டு சிவப்புப் பூ. நம்ம வீடுகள்ல டிவிக்கு, ரேடியோவுக்கு, மெஷினுக்கு எல்லாத்துக்கும் பூத்தையல் போட்ட துணி ஒண்ணு மூடி வைப்பாங்கல்ல, அதே மாதிரி இவளும் கொம்பியூட்டருக்கு அளவெடுத்து ஒண்ணு தச்சுப் போட்டிருக்கா. எடுன்னு சொல்லவும் முடியல, ஏன்னு கேட்டா என்ன சொல்றது. கொம்பியூட்டர் சூடாகுதுன்னு ஒரு பொய் சொன்னேன். சரிங்கன்னு சொல்லி காத்துப் போற மாதிரி வலைத்துணியில இன்னொண்ணு தச்சுப் போட்டா. அதுலயும் பூ.

அதுக்குள்ள இடி மாசம் வந்துருச்சு. நம்ம சப்ரகமுவ இடி உங்களுக்குத் தெரியும், மத்தியானம் திரும்பினா மலை இடிஞ்சு விழுற மாதிரி அடிக்கும். மொத இடிக்கே ஊர் பூரா டிவியையும் போனையும் சுவத்துல இருந்து கழட்டிப் போட்டுரும். புவனாவும் கழட்டுவா, ரவுட்டரோட வயரையும் சேர்த்து. திரும்பி வயரைக் குத்தினா எங்க வீட்டு நெட் அட்ரஸ் நம்பர் புதுசா மாறியிருக்கும், நான் போன் பண்ணி, அவ ஸ்கிரீனைப் பார்த்து நம்பரை ஒவ்வொண்ணா வாசிக்க, நான் குறிச்சுக்கிட்டு, மறுநாள் மறுபடியும் இடி. இந்தச் சீரழிவு போதாதுன்னு எங்க ஆபீஸ்ல புதுப் பெட்டி ஒண்ணு மாட்டினாங்க, அன்னைக்கோட பாதையே செத்துப்போச்சு. உள்ள போற மாதிரி வரும், போகாது.

என்கூட வேலை செஞ்ச ரிஸ்வான், நம்ம நிவித்திகல பக்கத்து ஆள், நெட்வேர்க் வேலையில கெட்டிக்காரன், அவன்தான் பார்த்துச் சொன்னான்.

"மச்சான், ஒங்க வீட்டுக்குள்ள இருக்கிற நம்பரும் இந்த ஆபீஸுக்குள்ள இருக்கிற நம்பரும் ஒரே வரிசை. நீ வீட்டக் கூப்புட்டா அது வெளியவே போகாது, இங்கேயே சுத்தி ஒன்கிட்டயே வந்து நிக்கும். வீட்டு ரவுட்டர்ல நம்பர் வரிசைய மாத்து."

அதைக் கொழும்புல இருந்து மாத்த முடியாது. புவனாவுக்கு போன்ல சொல்லி மாத்த வைக்கப் பார்த்தேன், பாதியில சண்டை வந்துருச்சு. "சிவா அண்ணாகிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல செஞ்சு குடுப்பாருங்க"ன்னா. நான் போனை வச்சுட்டேன். வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு நானே போயி மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன், என்ன நம்பரா மாத்துறதுன்னுகூட மனசுல வச்சிருந்தேன், என் பொறந்த தேதி வர்ற மாதிரி. ரிஸ்வானுக்குக்கூட அதைச் சொல்லல.

போயாவுக்கு இன்னும் நாள் கிடந்துச்சு. ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் அரைநாள், எல்லாரும் போயாச்சு, நானும் ரிஸ்வானும் மட்டும் இருந்தோம், அவன் அந்தப் பக்கம் ஒரு மெஷினைப் பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தான். நான் சும்மா, பழக்கதோஷம்னு சொல்வாங்களே அப்படி, கெமரா பக்கத்தைத் திறந்தேன். வராதுன்னு தெரியும். வந்துச்சு.

துணி இல்ல. எங்க வீட்டு முன்னறை பளிச்சுன்னு தெரியுது. பாய் விரிச்சிருக்கு. ஒரு ஆம்பள முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து சாப்பிடுறான், இடுப்புல நீலச் சாரம், மேல பனியன். அவன் பக்கத்துல, தொட்டுக்கிட்டு இல்ல, ஆனா பக்கத்துலதான், புவனா. கையில அகப்பை. சிரிக்கிறா. வாயை மூடிக்கிட்டு, கண்ணெல்லாம் சுருங்கி, நந்தா அக்காகிட்ட சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. சிவான்னுதான் நினைச்சேன், வேற யாரை நினைப்பேன். போனை எடுத்து வீட்டுக்கு அடிச்சேன், அடிக்குது அடிக்குது யாரும் எடுக்கல, படத்துல போன் இருக்கிற பக்கம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல. அடுத்த படம் வந்துச்சு, அவன் சோத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் அவளுக்கு நீட்டுறான். அதுக்கு அடுத்ததுல அவ வாங்கிக்கிட்டா.

நான் மேசையில அடிச்ச அடியில ரிஸ்வான் என்னடான்னு எந்திரிச்சான். அதே நேரம் அடுத்த படம். அந்த ஆள் திரும்பிட்டான்.

நான்.

என் மாதிரி ஆள் இல்ல, நீங்க அப்படி நினைச்சுறாதீங்க. நான்தான். பள்ளிக்கூடத்துல விழுந்து புருவத்துல பட்ட வெட்டு, அன்னைக்கிக் காலையில நான் ஷேவ் பண்ணாம விட்ட தாடி, எல்லாம். நேரா கெமராவைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான்னு சொல்லணும். அடுத்த படத்துல கிட்ட வந்துட்டான், மொகம் பெருசாயிருச்சு, அந்த மொகத்துல கோபமும் இல்ல ஒண்ணும் இல்ல, வாசல்ல வந்து நிக்கிற தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அதுக்கு அடுத்தது வெள்ளைத் துணி, சிவப்புப் பூ.

ரிஸ்வான் வந்து பார்க்கும்போது அதுவும் போயி வெறும் ஸ்கிரீன், அதுல என்னையே பார்த்தேன்னு சொன்னேன். அவன் உக்காந்து அங்க இங்க தட்டிப் பார்த்துட்டுச் சொன்னான், நீ வீட்டுக்கு கனெக்ட் ஆகவே இல்ல மச்சான், பாதை மூடித்தான் கிடக்கு, நம்பர் சுத்தி நம்ம ஆபீஸுக்குள்ளயே வந்து நிக்குது, நீ பார்த்தது இங்க இருக்கிற எதையோதான், ஒன் மூஞ்சியவே நீ பார்த்திருப்பேன்னான். நல்ல விளக்கம், நானும் ஒத்துக்கிட்டிருப்பேன். ஆனா எங்க ஆபீஸ்ல கெமராவே கிடையாது. அவன்கிட்ட நான் புவனாவைப் பார்த்ததைச் சொல்லல.

அன்னைக்கி ராத்திரி கண்ணு மூடல. மறுநாள் மொத பஸ், எங்க ஊர் வழியாப் போற எம்பிலிப்பிட்டிய பஸ்ல ஏறினேன். அவிசாவளையில இறக்கிச் செக் பண்ணினாங்க, எங்க போறன்னு கேட்டாங்க, வீட்டுக்குன்னேன், அப்படிச் சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, என் வீட்டுக்குத்தானே போறேன்னு நானே ஒருக்கா நினைச்சுப் பார்த்துக்கிட்டேன்.

கஹவத்தையில இறங்கி நடந்து வர்றேன், நந்தா அக்கா வேலிக்கிட்ட நின்னுக்கிட்டு, "மல்லி, ஆயெத் ஆவத?"ன்னு கேட்டுச்சு. திரும்பியும் வந்துட்டீங்களா தம்பின்னு. நேத்துப் பகல்தானே வந்தீங்க, அந்திக்குத்தானே பஸ் ஏறினீங்க, இவ்வளவு நாள்ல நேத்துதான் நின்னு என்கிட்ட ரெண்டு வார்த்தை சிரிச்சுக் கதைச்சீங்கன்னு சிங்களத்துல சொல்லிக்கிட்டே போகுது. நான் வீட்டுக்குள்ள ஓடினேன்.

கொடியில நீலச் சாரம் காயுது, ஊருக்கு வந்தா நான் கட்டுறதுக்குன்னு வீட்டுலயே விட்டுட்டுப் போறது. புவனா குசினியில அடுப்பை விட்டுட்டு வந்து, "என்னங்க, எதாவது மறந்துட்டீங்களா? கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தீங்களா இல்லையா?"ன்னா. மொகம் பூரா வெளிச்சம். நான் வாயைத் திறந்தேன், அது யாருடின்னு கேக்கத்தான் திறந்தேன், ஆனா அந்த மொகத்தைப் பார்த்ததும் கேள்வி மாறிப்போச்சு. நேத்து நான் என்னென்ன செஞ்சேன்னு சொல்லு பார்ப்போம்னு விளையாட்டு மாதிரிக் கேட்டேன்.

அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா. பகல் பஸ்ல வந்தீங்க. வந்ததும் எங்க அம்மா கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டீங்க. இடி இடிச்சதும் நீங்களே எல்லா வயரையும் கழட்டினீங்க, கொம்பியூட்டர், போன், எல்லாம். பருப்பும் கருவாட்டுப் பொரியலும் சாப்பிட்டீங்க, எனக்கு ஊட்டி விட்டீங்க, வெக்கமா இருந்துச்சு. சட்டி கழுவிக் குடுத்தீங்க. மழை விட்டதும் வயரெல்லாம் குத்தி அந்தப் பெட்டியில என்னமோ மாத்தினீங்க, இனிமே பிரச்சினை வராதுன்னீங்க. கடைசியா, "ஒருக்காக்கூட நீங்க சிவா அண்ணா பேரை எடுக்கலங்க"ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

கொம்பியூட்டரைப் போட்டு ரவுட்டருக்குள்ள போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்டியோட பாஸ்வேர்ட் என்னைத் தவிர உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. நம்பர் வரிசை மாறியிருந்துச்சு. என் பொறந்த தேதி. கொழும்புக்குப் போனப்புறம் பாதையும் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு, அதுக்கப்புறம் ஒரு நாள்கூட மக்கர் பண்ணல.

இப்ப நீங்க கேப்பீங்க, சிவா ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருப்பான்னு. நானும் அப்படி இருக்கணும்னு சாமி கும்பிடாத கொறை. விசாரிச்சேன், அன்னைக்கி அவன் குடும்பத்தோட பெல்மதுளையில ஒரு கல்யாண வீட்டுல, போட்டோவுல நிக்கிறான். இன்னொண்ணு, நான் கொழும்புல இருந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரம் இங்க இடி, வயரெல்லாம் கழட்டிக் கீழ கிடந்திருக்கு. கெமராவுக்குக் கரண்டே இல்ல. போனுக்கும் இல்ல.

புவனாகிட்ட நான் இன்னைக்கி வரைக்கும் சொல்லல. பயத்துல இல்ல. அன்னைக்கி வந்தது நான் இல்லன்னு சொன்னா அவ என்ன நினைப்பான்னு யோசிச்சேன். பயந்திருப்பா, சரி, என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பா, அதுவும் சரி. ஆனா அவளுக்குப் பிடிச்ச அந்த ஆள் நான் இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சுருமே, அதை என்னால தாங்க முடியல. சிவா மேல இருந்த பொறாமை அன்னைக்கோட செத்துப்போச்சுங்க, துளிகூட இல்ல. அது பூரா இந்தாள் மேல வந்து உக்காந்துருச்சு. சிவான்னா போயி சட்டையைப் பிடிக்கலாம். இவனை எங்க போய்ப் பிடிக்கிறது, கண்ணாடியிலயா.

கொழும்பு வேலையை விட்டுட்டு ஊரோட வந்துட்டேன், டவுன்ல சின்னதா ரிப்பேர் கடை. மாறிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. மாறல, அவனைப் பார்த்துச் செய்யிறேன், அவ்வளவுதான். மாமியாரோட கால் வலியை விசாரிக்கிறேன், சட்டி கழுவுறேன், நந்தா அக்காகிட்ட நின்னு கதைக்கிறேன். ஒரு நாள் சோறு பிசைஞ்சு ஊட்டக்கூடப் போனேன். வாங்கிக்கிட்டா, சாப்பிட்டுட்டு, "அன்னைக்கி மாதிரி இல்லங்க"ன்னு சும்மா சொல்லிட்டுப் போயிட்டா. நான் கையில சோத்தோட அப்படியே உக்காந்திருந்தேன்.

அடுத்த வருஷம் மகன் பொறந்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், போடாம இருப்பேனா. அந்த ஆள் வந்த நாளும் நான் வந்த நாளும் அடுத்தடுத்த நாள், எந்தக் கணக்கும் உதவல. பையன் அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கான்னு பார்க்கிறவங்கெல்லாம் சொல்றாங்க. வேற யார் சாயலாவது இருந்திருந்தா நான் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன். இதுக்கு நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது, சொல்லுங்க. பிள்ளை மேல உசுரையே வச்சிருக்கேன், அது வேற.

இதெல்லாம்கூடப் போகட்டும். தெனமும் அந்திக்குக் கடையைப் பூட்டிட்டு வந்து நான் கதவைத் தட்டுவேன், புவனா வந்து திறப்பா. திறந்ததும் உடனே வழி விடமாட்டா. ஒரு செக்கன், அதுக்கு மேல இல்ல, என் மொகத்தை உத்துப் பார்ப்பா, அடையாளம் பார்க்கிற மாதிரி. இன்னைக்கும் இங்க உங்ககிட்ட வர்றதுக்கு முந்தி அப்படித்தான் பார்த்தா. பார்த்துட்டு, "ஓ, நீங்களா"ன்னு சொல்லிட்டு உள்ள திரும்பிப் போயிட்டா.